ஓர் எழுத்துப் பிழையும் ஆறாண்டுச் சிறையும்: வாசகர் கேள்வி-பதில்

(பத்திரிகைச் சுதந்திரம், குடிமை உரிமை பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த முறை.)

உலகப் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் இந்தியா 159-லிருந்து 151-க்கு ஏறிவிட்டது என்று ஒரு தரப்பு மகிழ்கிறது. பட்டியலே சதி என்கிறது இன்னொரு தரப்பு. எதை நம்ப?
– ஒரு வாசகர், விருதுநகர்

இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு மதிப்பெண்ணைப் பாருங்கள். பள்ளிக்கூட ரேங்க் கார்டு கதைதான் இது. வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் மோசமாக எழுதினால், நாம் குறைவாக வாங்கியும் ரேங்க் ஏறும்.

‘எல்லைகளற்ற செய்தியாளர்கள்’ அமைப்பு 180 நாடுகளுக்கு 100-க்கு மதிப்பெண் போடுகிறது. 2023-ல் இந்தியா 36.62 வாங்கி 161-ஆவது இடம். 2024-ல் 31.28-க்கு இறங்கியது, ஆனால் இடம் 159-க்கு ‘முன்னேறியது’! 2025-ல் 32.96, இடம் 151. அதாவது எட்டுப் படி ஏறியதாகக் கொண்டாடப்பட்ட ஆண்டில் கூடியது ஒன்றரை மதிப்பெண்ணுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இரண்டாண்டுக்கு முன் இருந்ததைவிட இன்னும் மூன்றரை குறைவு. 40-க்குக் கீழே போனால் ‘மிகக் கவலைக்கிடம்’ என்ற வகை. மூன்று ஆண்டும் நாம் அதே அறையில்தான் இருக்கிறோம்.

மதிப்பெண் ஐந்து கூறுகளின் கூட்டு: அரசியல், பொருளாதாரம், சட்டம், சமூகம், செய்தியாளர் பாதுகாப்பு. கொலை, கைது போன்றவற்றை எண்ணிக்கையாகவே எடுக்கிறார்கள். மீதி, நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள் அடங்கிய படிவத்துக்குச் செய்தியாளர்களும் ஆய்வாளர்களும் உரிமை ஆர்வலர்களும் தரும் பதில். பட்டியலின் பலவீனமும் அங்கேதான்: பதில் சொல்பவரின் கருத்து அதில் கலந்தே தீரும். அதனால் 151-க்கும் 148-க்கும் இடையில் பெரிய பொருள் தேடாதீர்கள். முதலிடத்து நார்வேக்கும் கடைசியிடத்து எரித்திரியாவுக்கும் இடையிலுள்ள தூரம் மெய். எரித்திரியா 2001 செப்டம்பரில் தனியார் நாளிதழ்கள் எல்லாவற்றையும் மூடியது. அப்போது பிடித்துச் சென்ற செய்தியாளர் தாவித் இசாக்கை இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தவில்லை.

ஒரு எச்சரிக்கை: 2022-ல் கணக்கிடும் முறையை மாற்றினார்கள். அதற்கு முந்தைய இடங்களோடு இன்றைய இடத்தை ஒப்பிட்டு வரும் வாட்ஸ்அப் வரைபடங்கள் செல்லாது.

மரியா ரெஸ்ஸா நோபல் பரிசு வாங்கியவர். அவரை எழுத்துப் பிழைக்காகத் தண்டித்தார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். மிகைப்படுத்தலா?
– கே.எஸ்., திண்டுக்கல்

நண்பர் சொன்னது ஏறக்குறைய சரி. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

பிலிப்பைன்ஸில் அவர் நடத்தும் ‘ராப்ளர்’ இணையதளத்தில், ஒரு தொழிலதிபரைப் பற்றிய கட்டுரை 2012 மே மாதம் வெளியானது. இணைய அவதூறைக் குற்றமாக்கிய சட்டம் வந்தது 2012 செப்டம்பரில். கட்டுரை மூத்தது, சட்டம் இளையது. முன்தேதியிட்டுத் தண்டிக்க முடியாது. வழக்கு அங்கேயே விழுந்திருக்க வேண்டும்.

ஆனால் 2014 பிப்ரவரியில் யாரோ ஒரு பொறுப்பான துணையாசிரியர் அந்தக் கட்டுரையில் ஒரு பிழையைத் திருத்தினார். ஏய்ப்பு என்று பொருள்படும் ‘இவேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ‘எஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘டி’ இருந்தது. ஓர் எழுத்து. அந்தத் திருத்தத்தை ‘மறுபதிப்பு’ என்றது அரசுத் தரப்பு. மறுபதிப்பு என்றால் புதிய வெளியீடு. புதிய வெளியீடு என்றால் புதிய சட்டம் பொருந்தும். புகார் கொடுக்கப்பட்டதோ 2017-ல். அச்சு அவதூறுக்குக் காலவரம்பு ஓராண்டுதான். இணைய அவதூறுக்கு 12 ஆண்டு என்று வாதிட்டு அந்தத் தடையையும் தாண்டினார்கள். 2020 ஜூன் 15-ல் மணிலா நீதிமன்றம் குற்றவாளி என்றது. தண்டனை ஆறு ஆண்டு வரை. எழுதிய முன்னாள் செய்தியாளருக்கும் அதே தண்டனை. மறு ஆண்டு ரெஸ்ஸாவுக்கு நோபல் அமைதிப் பரிசு.

இந்த ‘மறுவெளியீடு’ தந்திரத்துக்கு வயது அதிகம். இங்கிலாந்தில் 1830-ல் வந்த ஒரு செய்தித்தாள், 17 ஆண்டு கழிந்து பிரன்ஸ்விக் கோமகனின் நினைவுக்கு வந்தது. வழக்குப் போடக் காலவரம்பு ஆறாண்டு. என்ன செய்தார்? வேலைக்காரனை அனுப்பி அந்தப் பத்திரிகை அலுவலகத்திலேயே ஒரு பழைய பிரதியை விலைக்கு வாங்கி வரச் சொன்னார். விற்றது புதிய வெளியீடு என்று 1849-ல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது! இந்த விதியை இங்கிலாந்து 2013-ல்தான் சட்டம் போட்டு ஒழித்தது. கட்டுரை முதன்முதலில் வெளியான நாளிலிருந்தே இப்போது காலக்கணக்கு.

இந்தியாவில் இழப்பீட்டு வழக்குக்கு ஓராண்டு, குற்ற வழக்குக்கு மூன்றாண்டு. இணையத்தில் கிடக்கும் கட்டுரைக்கும் முதல் வெளியீட்டு நாளே கணக்கு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது. இணைய இதழ் நடத்துபவர்கள் இதிலிருந்து கற்க ஒன்று உண்டு: எதைத் திருத்தினாலும் பக்கத்தின் அடியில் தேதியும், மாறியது என்ன என்பதும் ஒரு வரி இருக்கட்டும். ‘புதுப்பிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் தானாக அச்சிடும் மென்பொருள்தான் ஆபத்து. காற்புள்ளி போட்டாலும் அது அப்படித்தான் சொல்லும்.

சிறிய உள்ளூர் இதழ் நடத்துகிறேன். செய்தி போட்டதும் வக்கீல் நோட்டீஸ் வருகிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகர், தேனி மாவட்டம்

கோபத்தில் பேஸ்புக்கில் பதில் போடாமல் இருக்க வேண்டும். பாதி வழக்குகளுக்குத் தீனி அதுதான்.

உறையைத் தூக்கி எறியாதீர்கள். கிடைத்த தேதியை அதன்மேலேயே எழுதுங்கள். நோட்டீஸில் ‘15 நாளுக்குள்’ என்று இருந்தால் அது அவர்கள் வைத்த கெடு, சட்டம் வைத்ததல்ல. ஆனாலும் அதற்குள் வழக்கறிஞர் மூலம் பதில் போவது நல்லது. செய்தியில் உண்மையிலேயே தவறு இருந்தால் அதை மட்டும், அதே அளவு எழுத்தில், அதே பக்கத்தில் திருத்துங்கள். முழுச் செய்தியையும் பயந்து நீக்கினால், குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதிடும்.

அடுத்தது ஆதாரம். அதிகம் தோற்பது இங்கேதான். பேட்டியைக் கைப்பேசியில் பதிவு செய்திருப்பீர்கள். அதை வாட்ஸ்அப்பில் அலுவலகத்துக்கு அனுப்பியிருப்பீர்கள். கைப்பேசியை அப்புறம் எக்சேஞ்சில் கொடுத்துவிட்டீர்கள். கையில் மிஞ்சியது வழியில் சுருக்கப்பட்டிருக்கக்கூடிய நகல். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63(4) பிரிவுப்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதில் இரண்டு பகுதி. ஒன்றில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், இன்னொன்றில் நிபுணர். கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பையும் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்புக்கு விரல்ரேகை மாதிரி: ஒரு நொடி வெட்டினாலும், ஒருமுறை சுருக்கினாலும் மாறிவிடும். ஆகவே பதிவான அன்றே மூலக் கோப்பைக் கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றி, ஹாஷ் எடுத்து எழுதிவைத்து, இரண்டாவது பிரதியைத் தனி ஹார்டு டிஸ்கில் போட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை.

‘உண்மையைத்தானே எழுதினேன்’ என்பது இழப்பீட்டு வழக்கில் முழுப் பாதுகாப்பு. குற்ற வழக்கில் அது பாதிதான். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில் உண்மையோடு பொதுநன்மையும் சேர்ந்தால்தான் விலக்கு. ‘இந்தச் செய்தி ஊருக்கு ஏன் வேண்டும்’ என்பதற்கு உங்கள் கோப்பில் ஒரு பக்கமாவது இருக்கட்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஓர் ஆறுதல்: தனிநபர் புகாரை ஏற்று விசாரணைக்கு எடுக்கும் முன்பே, உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது 223-ஆவது பிரிவு. அந்த முதல் நாளுக்கே தயாராகப் போங்கள்.

அரசாங்கமே ஒரு பத்திரிகை மீது அவதூறு வழக்குப் போட முடியுமா?
– சட்டக்கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

முன்வாசலை அடைத்துவிட்டார்கள். பின்வாசல் திறந்திருக்கிறது.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1960 மார்ச்சில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆதரவாக நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. கிங் நான்கு முறை கைதானதை ஏழு முறை என்று போட்டது போன்ற சில்லறைப் பிழைகள் அதில் இருந்தன. அலபாமாவின் மாண்ட்கோமரி நகரக் காவல்துறைக்குப் பொறுப்பான சல்லிவன் என்ற ஆணையர், தன் பெயரே இல்லாத அந்த விளம்பரத்துக்காக 5 லட்சம் டாலர் தீர்ப்பு வாங்கினார். அன்றைக்கு அலபாமா மாநிலம் முழுவதற்கும் போன பிரதிகள் 394. அவர் ஊர் இருந்த வட்டாரத்துக்கு 35! 1964-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது: பொய் என்று தெரிந்தே போட்டார்கள், அல்லது பொய்யா மெய்யா என்ற அக்கறையே இல்லாமல் போட்டார்கள் என்று அதிகாரிதான் நிரூபிக்க வேண்டும்.

அந்தக் கொள்கை இந்தியாவுக்கு வந்த வழி சென்னை. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிட இருந்தது. வெளியிடக்கூடாது என்று சிறைத்துறை கடிதம் எழுதியது. 1994-ல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வெளியாகும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை, அரசும் உள்ளாட்சியும் அவதூறுக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போட முடியாது, அதிகாரி தன் அலுவல் தொடர்பான செய்திக்கு வழக்குப் போட்டால், உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதினார்கள் என்று காட்ட வேண்டும்.

பின்வாசல் குற்ற வழக்கு. அமைச்சருக்காக அரசு வழக்கறிஞரே நேராக அமர்வு நீதிமன்றத்தில் புகார் தரலாம். ஆறு மாதத்துக்குள் தர வேண்டும். அமைச்சர் கைக்காசு செலவழிக்க வேண்டியதில்லை, மாவட்டம் மாவட்டமாக வழக்குப் போடலாம். தமிழ்நாட்டில் இந்த வழி எந்தக் கட்சி ஆட்சியிலும் தூசு படியாமல் இருந்தது. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஆசிரியர்கள், செய்தியாளர்கள் மீது இப்படிப் போட்ட ஒரு கட்டு வழக்குகளை ரத்து செய்தது. சட்டப்பிரிவு அப்படியேதான் இருக்கிறது.

‘ஸ்லாப்’ வழக்கு என்கிறார்களே, சாதாரண அவதூறு வழக்கிலிருந்து என்ன வேறுபாடு?
– எம்.ஆர்., புதுச்சேரி

சாதாரண வழக்குப் போடுபவர் ஜெயிக்க நினைக்கிறார். ஸ்லாப் போடுபவருக்குத் தீர்ப்பே வேண்டாம். வழக்கு இழுத்தால் போதும்.

மால்டாவின் டாஃப்னே கருவானா கலீசியா தனி ஆளாக வலைப்பதிவு நடத்தி அமைச்சர்களின் ஊழலை எழுதியவர். 2017 அக்டோபர் 16-ல் காரில் குண்டு வைத்துக் கொன்றபோது அவர்மேல் 47 அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன: 42 உரிமையியல், 5 குற்றவியல். வழக்கு முடியும் முன்பே வங்கிக் கணக்கை முடக்கியிருந்தார்கள். இவை போதாதென்று, ஒரு மால்டா வங்கியின் உரிமையாளர் அமெரிக்காவின் அரிசோனாவில் 4 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டிருந்தார். அந்த வழக்கு இருப்பதே டாஃப்னேவுக்குத் தெரியாது. அவர் இறந்ததும் திரும்பப் பெற்றார்கள். மற்றவை சாவோடு போகவில்லை. பல வழக்குகளுக்கு அவர் குடும்பம் வாரிசாக நின்று பதில் சொல்ல வேண்டி வந்தது.

‘டாஃப்னே சட்டம்’ என்று அழைக்கப்படும் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறை 2024 ஏப்ரலில் வந்தது. அடிப்படையில்லாத வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யக் கேட்கலாம். செலவுக்கான ஜாமீன் தொகையை வழக்குப் போட்டவரிடமே கட்டச் சொல்லலாம். வெளிநாட்டு நீதிமன்றத் தீர்ப்பை ஐரோப்பாவில் நிறைவேற்ற மறுக்கலாம். ஓட்டை எங்கே என்றால், இது எல்லை தாண்டிய உரிமையியல் வழக்குகளுக்கு மட்டும். உள்ளூர்க்காரர் உள்ளூர்ச் செய்தியாளர் மீது உள்ளூர் நீதிமன்றத்தில் போட்டால் அந்தந்த நாடு தானாகச் சட்டம் போட்டால்தான் உண்டு.

தணிக்கையே இல்லாமல் பத்திரிகைகளை அடக்கும் வித்தையைச் சிங்கப்பூர் கண்டுபிடித்தது என்கிறார்களே?
– சிங்கப்பூரிலிருந்து திரும்பிய வாசகர், சிவகங்கை

அங்கே 1974-ல் வந்த செய்தித்தாள், அச்சகச் சட்டத்தில் ‘நிர்வாகப் பங்கு’ என்று ஒன்று உண்டு. அமைச்சர் ஒப்புதல் பெற்றவர் மட்டுமே அதை வைத்திருக்கலாம். இயக்குநர், ஊழியர் நியமனம், நீக்கம் பற்றிய தீர்மானங்களில் அந்த ஒரு பங்குக்கு 200 ஓட்டு. பத்திரிகையை அரசு நடத்த வேண்டாம். யார் ஆசிரியர் என்பதைத் தீர்மானிப்பவர்கள் யார் என்பதைத் தீர்மானித்தால் போதும். இதற்கு மேல் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அனுமதி.

வெளிநாட்டு இதழ்களுக்கு இதைவிட நுட்பம். 1986 திருத்தத்துக்குப் பிறகு, உள்நாட்டு அரசியலில் தலையிடுவதாக அறிவிக்கப்பட்ட இதழின் விற்பனையைக் குறைக்கலாம். ஏஷியன் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் சுமார் 5,000 பிரதியிலிருந்து 400-க்கு இறக்கப்பட்டது. ‘வாசகரின் உரிமை போச்சே’ என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தார்கள்: விளம்பரங்களை எடுத்துவிட்டு அதே இதழை நகலெடுத்து விநியோகிக்கச் சட்டத்திலேயே வழி செய்தார்கள். செய்தி வரி மாறாமல் இருக்கிறது, பத்திரிகைக்கு வருமானம் மட்டும் இல்லை. வெட்டுப்பட்டது பணப்பை.

பணப்பையையே பிடித்த இன்னொரு இடம் ஹாங்காங். 2021 ஜூன் 17-ல் சுமார் 500 காவலர்கள் ‘ஆப்பிள் டெய்லி’ அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள், 1.8 கோடி ஹாங்காங் டாலர் சொத்து முடக்கப்பட்டது. பத்திரிகையை மூடச் சொல்லி உத்தரவு ஏதும் கிடையாது. சம்பளம் கொடுக்க வழியில்லாமல் ஒரே வாரத்தில் அதுவே மூடிக்கொண்டது. ஜூன் 24 கடைசி இதழ் 10 லட்சம் பிரதி அச்சானது. கடை வாசலில் விடியுமுன்பே வரிசை.

இன்டர்நெட்டை எப்படி ‘ஆஃப்’ செய்கிறார்கள்? எங்காவது ஒரு சுவிட்ச் இருக்கிறதா?
– பிளஸ் டூ மாணவர், நாகர்கோவில்

நெருக்கடி நிலை வந்த 1975 ஜூன் 25 இரவு உண்மையிலேயே ஒரு சுவிட்ச் இருந்தது: டெல்லியின் பகதூர் ஷா சஃபர் மார்க்கில் இருந்த நாளிதழ் அச்சகங்களுக்கு மின்சாரத்தையே நிறுத்தினார்கள். இணையத்துக்கு அப்படி ஒன்று கிடையாது, மூன்று நான்கு வழிகள் உண்டு.

முரட்டு வழி எகிப்து செய்தது. ஒவ்வொரு இணைய நிறுவனமும் ‘இந்த முகவரிகள் என்னிடம் இருக்கின்றன, இந்தப் பாதையில் வாருங்கள்’ என்று உலகத்துக்கு ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். பி.ஜி.பி. என்று அதற்குப் பெயர். 2011 ஜனவரி 28 நள்ளிரவு தாண்டி அரைமணி நேரத்தில், சில நிமிடங்களுக்குள் சுமார் 3,500 பாதைகளின் அறிவிப்பு வாபஸ் ஆனது. கேபிள் அறுபடவில்லை, ஊருக்குப் போகும் வழிகாட்டிப் பலகைகளை எல்லாம் பிடுங்கியது போல. பங்குச்சந்தை நம்பியிருந்த ஒரு நிறுவனத்தை மட்டும் மூன்று நாள் விட்டுவைத்தார்கள். தரைவழித் தொலைபேசி வேலை செய்தது. அதனால் பழைய மோடம் வைத்திருந்தவர்கள் பிரான்சுக்குப் போன் போட்டு இணைந்தார்கள். பிப்ரவரி 2-ல் எல்லாம் திரும்பியது. நாட்டின் வணிகமே படுத்துவிடும் என்பதால் இந்த முறை நீண்ட நாளுக்கு உதவாது.

காஷ்மீரில் வேறு விதம். 2019 ஆகஸ்ட் 5 முதல் எல்லாம் அடைப்பு. 2020 ஜனவரியில் 2ஜி வேகத்தில் 301 தளங்களுக்கு மட்டும் அனுமதி. காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைய இணையப் பக்கம் எதுவும் ஒற்றை வீடு அல்ல. வங்கித் தளத்தைத் திறந்தால் அதன் எழுத்துரு ஓரிடத்திலிருந்து, படம் இன்னோரிடத்திலிருந்து, பணம் செலுத்தும் சாளரம் மூன்றாவது இடத்திலிருந்து வரும். பட்டியலில் முதல் வீடு மட்டும் இருந்தால் வெள்ளைத் திரையில் சக்கரம்தான் சுழலும். 4ஜி முழுதாகத் திரும்பியது 2021 பிப்ரவரி 5-ல்.

இதை எதிர்த்து ‘காஷ்மீர் டைம்ஸ்’ நிர்வாக ஆசிரியர் அனுராதா பசின் போட்ட வழக்கில் 2020 ஜனவரி 10 தீர்ப்பு பயனுள்ள கருவி ஒன்றைத் தந்தது: முடக்க உத்தரவைப் பொதுவெளியில் வெளியிட வேண்டும்; காலவரம்பில்லாமல் முடக்கக் கூடாது. இப்போதைய விதிகளில் ஓர் உத்தரவுக்கு அதிகபட்சம் 15 நாள். மறுஆய்வுக் குழு கூடிப் பார்க்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் முடக்கினால் முதலில் கேட்க வேண்டியது ‘எப்போது வரும்’ என்பதல்ல, ‘உத்தரவு நகல் எங்கே’ என்பது. உத்தரவே கண்ணில் படாவிட்டால் எதை எதிர்த்து நீதிமன்றம் போவது?

இலங்கையில் அவதூறைக் குற்றப்பட்டியலிலிருந்து 2002-லேயே நீக்கிவிட்டார்கள். பிறகு எப்படி திசைநாயகத்துக்கு 20 ஆண்டு?
– ஒரு வாசகி, வவுனியா

அவதூறுச் சட்டத்தை எடுத்துவிட்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை வைத்துக்கொண்டால் அப்படித்தான். ‘நார்த் ஈஸ்டர்ன் மந்த்லி’ இதழில் 2006-ல் எழுதிய கட்டுரைகளுக்காக ஜெ.ச. திசைநாயகம் 2008 மார்ச்சில் கைதானார். 2009 ஆகஸ்ட் 31-ல் கொழும்பு மேல் நீதிமன்றம் 20 ஆண்டு கடூழியச் சிறை விதித்தது.

தண்டனையின் நீளத்தைவிட அது நின்ற கால்களைக் கவனியுங்கள். சாதாரணச் சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரும் அதற்கு மேற்பட்டவரும் பதிவு செய்தால் ஆகும். அச்சுறுத்தி வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்கும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில். மூடிய அறைக்குள் நடந்ததற்கு அவர் எங்கே போய்ச் சாட்சி தேடுவார்? உலக அழுத்தத்தில் 2010 மே மாதம் பொதுமன்னிப்பு கிடைத்தது. மன்னிப்பு என்பது விடுதலைத் தீர்ப்பு அல்ல. அந்தப் பிரிவை அது அசைக்கவில்லை.

சிறையிலுள்ள செய்தியாளர் எண்ணிக்கை ஒவ்வோர் அமைப்புக்கும் வேறுபடுவது ஏன்?
– பி.வி., ஈரோடு

எண்ணும் விதிதான் காரணம். நியூயார்க்கின் செய்தியாளர் பாதுகாப்புக் குழு, டிசம்பர் 1 நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடத்தில் அரசின் காவலில் இருப்பவரை மட்டும் எண்ணும். ஜனவரியில் பிடித்து நவம்பரில் விட்டவர் கணக்கில் வரமாட்டார். ஆயுதக் குழு கடத்தியவரும் வரமாட்டார். 2024 கணக்கில் 361 பேர். சீனா 50, இஸ்ரேல் 43, மியான்மர் 35. ஊடக ஊழியர்களையும் சேர்க்கும் அமைப்பின் எண் கூடுதலாக இருக்கும். மேற்கோள் காட்டும்போது தேதியையும் அமைப்பின் பெயரையும் சேர்த்தே போடுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் நடக்கும் முறைகேட்டின் ஆவணத்தைப் பத்திரிகைக்கு அனுப்ப நினைக்கிறேன். மாட்டிக்கொள்வேனா?
– பெயர் வேண்டாம்

முதலில், இந்தக் கேள்வியை அலுவலகக் கணினியிலிருந்து அனுப்பியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

ரியாலிட்டி வின்னர் வழக்கைப் பாருங்கள். அமெரிக்க உளவு அமைப்புக்காக ஜார்ஜியாவில் ஒப்பந்த ஊழியராக இருந்தவர். அமெரிக்கத் தேர்தல் அமைப்புகளில் ரஷ்யா ஊடுருவ முயன்றது பற்றிய ஆவணத்தை 2017 மே மாதம் அச்செடுத்து ஓர் இணைய இதழுக்குத் தபாலில் அனுப்பினார். இதழ் உண்மைத்தன்மையைச் சரிபார்க்க அதன் நகலை அரசுத் தரப்புக்கே காட்டியது. தாளில் மடிப்புக் கோடு தெரிந்தது. ஆக யாரோ அச்செடுத்து மடித்து வெளியே கொண்டுபோயிருக்கிறார்கள். அச்சுப் பதிவேட்டைப் பார்த்தார்கள்: அந்த ஆவணத்தை அச்செடுத்தவர்கள் ஆறே பேர். ஆறில் ஒருவர் மட்டும் தன் அலுவலகக் கணினியிலிருந்து அந்த இதழுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கட்டுரை வெளியாகும் முன்பே கைது. 63 மாதச் சிறை.

இதழ் வெளியிட்ட ஸ்கேனில் இன்னொன்றும் இருந்தது. பெரும்பாலான வண்ண லேசர் அச்சு இயந்திரங்கள் ஒவ்வொரு தாளிலும் வெறும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளை இடும்; கறுப்பு எழுத்து மட்டும் அச்சடித்தாலும் இடும். நீல விளக்கைப் பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். வெளியாட்கள் அந்தப் புள்ளிகளைப் படித்தபோது 2017 மே 9, காலை 6.20 என்ற நேரமும் இயந்திரத்தின் வரிசை எண்ணும் கிடைத்தன. அவர் மாட்டியது புள்ளியால் அல்ல, பதிவேட்டால். ஆனால் புள்ளியும் காத்துக்கொண்டுதான் இருந்தது.

எனவே அச்செடுக்காதீர்கள். அலுவலக வைஃபை, அலுவலக மின்னஞ்சல், அலுவலகம் கொடுத்த கைப்பேசி மூன்றையும் மறந்துவிடுங்கள். உங்கள் கையில் ஏற்கெனவே வேலை நிமித்தம் வந்த ஆவணமா, நீங்கள் தேடிப்போய்த் திறந்ததா என்று பாருங்கள். திறந்த தடம் பதிவாகும். எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஆறு பேர் என்றால் கோப்பை அனுப்புவதைவிட, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எந்த அலுவலகத்தில், எந்தக் கோப்பு எண்ணைக் கேட்க வேண்டும் என்று செய்தியாளருக்குச் சொல்வது மேல். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு; ஆவணம் அரசு முத்திரையோடு முன்வாசல் வழியாகவே வரும்.

படம் அனுப்பியே ஆக வேண்டும் என்றால், கைப்பேசிப் படத்தோடு எடுத்த இடமும் நேரமும் ஒட்டிக்கொண்டு போகும் என்பது நினைவிருக்கட்டும். வைரஸ் தடுப்பு மென்பொருளால் பேர்பெற்று, 2012-ல் தலைமறைவாக இருந்த ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது ஒரு பத்திரிகை வெளியிட்ட படத்திலிருந்த இடக்குறிப்பால்தான். வாட்ஸ்அப்பில் ‘ஃபோட்டோ’வாக அனுப்பினால் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும், தெளிவாக இருக்கட்டும் என்று ‘டாக்குமென்ட்’டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். சிக்னல் செயலியில் தானாக அழியும் நேரத்தை வைத்து அனுப்புவது நல்லது. செய்தியாளரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: மூலத்தை ஸ்கேன் செய்து போடக்கூடாது, சரிபார்க்க யாருக்கும் நகல் காட்டக்கூடாது, வாசகத்தைத் தட்டச்சு செய்து உள்ளடக்கத்தை மட்டும் கேட்கட்டும்.

தகவல் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கும் நாடு உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

சுவீடன். உலகின் முதல் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் 1766-ல் அங்கேதான் வந்தது. அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கும் உரிமையும் அதிலேயே இருந்தது. இன்றைய வடிவில், பெயரை மறைக்கச் சொன்னவரை வெளிப்படுத்தும் செய்தியாளருக்கு அபராதமோ ஓராண்டு வரை சிறையோ உண்டு. தேசத்துரோகம், உளவு போன்ற சில விலக்குகள் மட்டும். தவறான செய்தி வந்தால் வழக்கு யார்மேல் என்று கேட்பீர்கள். ஒவ்வோர் இதழும் ‘பொறுப்பு வெளியீட்டாளர்’ என்று ஒருவர் பெயரைப் பதிந்திருக்கும். எழுதியவர் அல்ல, அவர் ஒருவரே நீதிமன்றத்தில் நிற்பார்.

இன்னொரு பிரிவும் இருக்கிறது. நகராட்சி அலுவலகத்துச் செய்தி வெளியாகிறது. மறுநாள் காலை மேலதிகாரி ஊழியர்களைக் கூப்பிட்டு ‘பத்திரிகைக்காரனுக்கு யார் சொன்னது?’ என்று கேட்கிறார். சுவீடனில் அந்தக் கேள்வியே குற்றம்.